மடக்கு லத்தியைப் பையில் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி, 2025 பிப்ரவரி 9

அண்ணா, எனக்கு இரவு வேலை. முடிந்து இறங்கப் பன்னிரண்டரை ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு இருபது நிமிட நடை. கத்தி வைத்துக்கொள்ள விருப்பமில்லை. அடிக்கிற ஆயுதம் என்றால் சட்டச் சிக்கல் கிடையாது, வெட்டுகிற ஆயுதத்துக்குத்தான் கேஸ் என்று கூட வேலை செய்கிறவர் சொல்கிறார். மடக்கு லத்தி, குபோட்டான் (சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கட்டை), நக்கிள் டஸ்டர், இந்த மூன்றில் எது நல்லது? நீங்கள் லத்தி வைத்திருந்ததாகச் சொன்ன ஞாபகம்.

பிப்ரவரி 9, இரவு 11.40

நக்கிள் டஸ்டரை இப்போதே மறந்துவிடு. விரல்களில் மாட்டி ஒருவன் மூஞ்சியில் குத்துவதைத் தவிர அந்த இரும்புக்கு வேறு வேலையே இல்லை. அதனால்தான் பிரிட்டன், ஜெர்மனி, கனடா மூன்றிலும் வெளியே கொண்டுபோவது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம்.

கூட வேலை செய்கிறவர் சொன்னதில் பாதிகூடச் சரியில்லை. வெட்டுமா அடிக்குமா என்பதைவிடச் சட்டத்துக்கு முக்கியமான கேள்விகள் இரண்டு. இது எதற்காகச் செய்யப்பட்டது? நீ எதற்காக வைத்திருக்கிறாய்?

பிரிட்டனின் 1953ஆம் ஆண்டு குற்றத் தடுப்புச் சட்டத்தைப் பார். ஆளைக் காயப்படுத்தவென்றே செய்த பொருள் முதல் வகை. அதற்கென்று மாற்றிக்கொண்ட பொருள் இரண்டாவது. மாற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த எண்ணத்தோடு எடுத்துப்போகிறாய் என்றால் மூன்றாவது. மடக்கு லத்தி முதல் வகை. நாற்காலிக் காலில் நாலு ஆணி அடித்தால் இரண்டாவது. ஆட்கள் மாட்டுவது மூன்றாவதில். குடை, சுத்தியல், கிரிக்கெட் மட்டை எதுவும் அதில் வரும், நீ வாயைத் திறந்தால் போதும். "எதுக்குப்பா இது?" "சும்மா, தற்காப்புக்கு சார்." முடிந்தது. நீ சமாதானம் என்று நினைத்துச் சொன்னது அங்கே ஒப்புதல் வாக்குமூலம். இன்ன ஆபத்து, இதோ வரப்போகிறது என்று காட்ட முடிந்தால்தான் நீதிமன்றம் காது கொடுக்கும். "ஏரியா சரியில்லை" என்றால் எடுபடாது. தண்டனை அதிகபட்சம் 4 ஆண்டு.

பிப்ரவரி 10, காலை

நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு, "அது வெள்ளைக்காரன் சட்டம், இந்தியாவில் லத்திக்குத் தடையே இல்லையே" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பாதி சரி. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஆயுதம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே ஒரு விலக்கு வைத்திருக்கிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டும் என்று செய்த பொருட்கள் ஆயுதம் ஆகாது. உதாரணமாக லத்தியையும் சாதாரணக் கைத்தடியையும் பெயர் சொல்லியே விட்டிருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வரி அது. சட்டம் எழுதியவர்களுக்குக் கையில் கம்பு இல்லாத மனிதனைக் கற்பனை செய்யவே முடியவில்லை போல.

ஆனால் அந்த லத்தி மூங்கில் கம்பு. நீ கேட்பது ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய எஃகுக் குழாய். அதை வைத்துக்கொண்டு எந்த விவசாயி எந்த மாட்டை ஓட்டுவார்? பெயர் ஒன்று என்பதால் விலக்கு தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. அப்புறம், தடையுத்தரவு போட்டிருக்கும் நாட்களில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 163) மூங்கில் கம்பையும் சேர்த்தே தடுப்பது வழக்கம்.

ஜெர்மனியில் இன்னொரு தினுசு. 18 வயது ஆனவர் மடக்கு லத்தி வாங்கலாம், வீட்டில் வைத்துக்கொள்ளலாம். 2008 முதல் கையிலோ பையிலோ வைத்துக்கொண்டு வெளியே நடக்கக் கூடாது, பூட்டிய பெட்டியில் கொண்டுபோகலாம். பூட்டிய பெட்டியில் இருக்கும் லத்தியால் யாரைத் தடுப்பது என்று கேட்காதே. அதுதான் அவர்கள் சொல்ல வருவது. மலேசியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. நியாயமான காரியத்துக்குத்தான் கொண்டுபோனேன் என்று காட்ட வேண்டிய பாடு கொண்டுபோனவனுடையது.

பிப்ரவரி 10, மதியம்

எல்லாரும் குழப்பிக்கொள்கிற விஷயம் ஒன்று விட்டுப்போனது. எடுத்துச் செல்வது வேறு, திருப்பி அடிப்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. இந்தியாவில் தற்காப்புரிமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. அந்த உரிமை வெறுங்கையோடு இருப்பவனுக்கும் உண்டு. கையில் கிடைத்ததை எடுத்து அடித்துத் தப்பித்தால் சட்டம் உன் பக்கம் நிற்கலாம். அதே சட்டம், அடித்த பொருள் முன்கூட்டியே உன் பையில் ஏன் இருந்தது என்று தனியாகக் கேட்கும்.

பிப்ரவரி 11

என் லத்தியைப் பற்றி. வாங்கும்போது மேலே எழுதிய எதுவும் எனக்குத் தெரியாது. படித்துப் பார்க்கவும் இல்லை. கறுப்பாக, கனமாக, அழகாக இருந்தது. அவ்வளவுதான் ஆராய்ச்சி.

21 அங்குலம். மடக்கினால் ஒரு சாண். கிட்டத்தட்ட அரைக்கிலோ. பிடியைப் பிடித்து ஓங்கி உதறினால் உள்ளேயிருந்து இரண்டு குழாயும் பாய்ந்து வெளியே வந்து, ஒன்றின் வாயில் இன்னொன்றின் அடி இறுகிக்கொள்ளும். பூட்டு என்று எதுவும் கிடையாது, அந்த இறுக்கம்தான் பூட்டு. வேகமாக உதறினால் கல் மாதிரி நிற்கும். அரைமனதாக உதறினால் விரிந்தது போல் தெரியும், முதல் அடியிலேயே உள்ளே போய்விடும். நுனியால் குத்தினாலும் அப்படித்தான்.

மடக்குவது பெரிய கூத்து. நுனியை நேராகக் கீழே வைத்துக் கெட்டித் தரையில் ஓங்கிக் குத்த வேண்டும். பாயில், மரத்தரையில் எல்லாம் அசையாது. நான் வீட்டு டைல்ஸில் குத்தினேன். லத்தி மடங்கவில்லை, டைல்ஸ் இரண்டாகப் போனது. என் மனைவி எட்டிப் பார்த்து, "திருடன் வந்தா இதைவிடக் கம்மியாத்தான் சேதம் பண்ணுவான்" என்றாள்.

பிடியின் அடியில் ஒரு மூடி இருக்கும். திருகிக் கழற்றினால் இரண்டு கால் வைத்த சின்ன வில் தகடு. மடக்கியிருக்கும்போது உள்குழாயை வழுக்காமல் பிடித்துக்கொள்வது அதுதான். கால்களை விரித்துவிட்டால் பிடி இறுகும், லத்தி சட்டென்று விரியாது. ஒடுக்கிவிட்டால் லேசாக விரியும், பையைச் சாய்த்தாலே வெளியே வந்துவிடும். நான் சட்டென்று விரிய வேண்டும் என்று ஒடுக்கிவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

பிப்ரவரி 12

"சரி, எப்போதாவது பயன்பட்டதா?"

ஒரு தடவை. நானும் மைத்துனனும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். மாடிப்படித் திருப்பத்தில் விளக்கு இல்லை. எங்களுக்கு இரண்டு படி மேலே ஒருவன், நல்ல போதை. "போனைக் குடு, ஒரு கால் பண்ணணும்" என்றான். இல்லை என்றேன். இறங்கி என் மேல் பாய்ந்தான். நான் பைக்குள் கை விட்டு லத்தியை எடுத்து உதறினேன். உதற இடம் எங்கே இருக்கிறது? பின்னால் சுவர், பக்கத்தில் கைப்பிடிக் கம்பி. முழங்கை சுவரில் இடித்து, லத்தி பாதி விரிந்து நின்றது. அதற்குள் அவன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். இப்போது ஒரே லத்திக்கு இரண்டு முதலாளி. மைத்துனன் அவனைச் சுவரோடு தள்ளிப் பிடிக்க, நான் கையை உருவிக்கொள்ள, இரண்டு பேரும் நாலு நாலு படியாக இறங்கி ஓடினோம். என் கட்டைவிரல் மூன்று வாரம் வீங்கிக் கிடந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தடி எடுத்தவன் தண்டல்காரன் என்பார்கள். அன்றைக்குத் தண்டல்காரன் யார் என்றே முடிவாகவில்லை.

பிப்ரவரி 13

நாய்க்கு உதவுமா என்று கேட்டவருக்கு: விரியும் சத்தத்துக்குச் சில நாய்கள் விலகும், சில நாய்களுக்குக் கோபம் வரும். எந்த நாய் எந்த ரகம் என்று முன்கூட்டித் தெரிய வழியில்லை. குடையை விரித்து முன்னால் பிடிப்பது தேவலை.

பிப்ரவரி 13, இரவு

குடை என்றதும் ஞாபகம் வந்தது. ஒரு கட்டட வாசலில் பைச் சோதனை. ஸ்கேனர் திரையில் லத்தி பளிச்சென்று தெரிகிறது. காவலாளி வெளியே எடுத்து, "என்ன சார் இது?" என்றார். வாய்க்கு வந்தபடி "குடை" என்றேன். அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "துணி எங்க சார்?" என்றார்.

சிரிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் ஏன் பொய் சொன்னேன்? உண்மையைச் சொல்லிச் சமாளிக்க முடியாது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 16

12ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். சின்னத் திருத்தம் இல்லை.

மைத்துனன் அதைப் படித்துவிட்டுப் போன் செய்தான். "மாமா, கதையை மாத்தி எழுதியிருக்கீங்க" என்றான். அவன் சொல்வது இது. அந்த ஆள் போன் கேட்டான். நான் இல்லை என்று சொல்லிக்கொண்டே பைக்குள் கை விட்டேன். அதைப் பார்த்த பிறகுதான் அவன் இறங்கி என் கையைப் பிடித்தான். "நீங்க கத்தி எடுக்கிறீங்கன்னு நெனச்சிருப்பான். எனக்கே ஒரு செகண்டு அப்படித்தான் தோணுச்சு."

இல்லவே இல்லை என்று சண்டை போட்டேன். போனை வைத்த பிறகு கண்ணை மூடி ஓட்டிப் பார்த்தேன். பையின் ஜிப் முனை விரலில் உறுத்தியது ஞாபகம் இருக்கிறது. அவன் சட்டை, நின்ற படி, வாடை எல்லாம் இருக்கிறது. எது முன்னால், எது பின்னால் என்பது மட்டும் இல்லை. இத்தனை வருடம் "அவன் பாய்ந்தான், நான் எடுத்தேன்" என்றே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அது அப்படியே உறைந்துவிட்டது. பொய் சொன்னேன் என்று நினைக்கவில்லை. உண்மை என்று சத்தியம் செய்யவும் இப்போது துணிவில்லை.

பிப்ரவரி 17

நேற்று எழுதியது தூங்கவிடவில்லை. சட்டத்தில் எல்லாமே அந்த வரிசையில்தானே நிற்கிறது. அவன் முதலில் பாய்ந்திருந்தால் நான் தற்காத்துக்கொண்டவன். நான் முதலில் எடுத்திருந்தால், அவன் என் கையைப் பிடித்ததுதான் தற்காப்பு. அந்தப் பாதி விரிந்த லத்தி அவன் தலையில் பட்டு அவன் படியில் உருண்டிருந்தால், நான் 12ஆம் தேதி எழுதியதை அப்படியே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருப்பேன், முழு நம்பிக்கையோடு. எதிர் சாட்சி என் மைத்துனனாகவே இருந்திருப்பான்.

அடி எவ்வளவு என்பதும் உண்டு. தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது என்பது பொது விதி. இந்தியச் சட்டத்தில் பிரிவு 37 (பழைய 99) இதைச் சொல்கிறது. காவல்துறையைத் தேடிப் போக நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது என்பதும் அங்கேதான் இருக்கிறது. மறுபக்கம், நீதிமன்றங்கள் இரக்கமில்லாதவை அல்ல. ஜமைக்காவிலிருந்து வந்த பாமர் வழக்கில் 1971-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னதை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். உயிருக்குப் போராடுகிறவன் தன் அடியைத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருக்க முடியாது என்பது அதன் சாரம். இந்திய உச்ச நீதிமன்றமும் 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் தற்காப்புரிமைக்குப் பத்து நெறிகளைத் தொகுத்தபோது இந்தப் பக்கமே நின்றது. தாக்கப்படுகிறவன் தன் தற்காப்பைப் படிப்படியாகக் கணக்குப் பார்த்து அளப்பான் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அதில் ஒன்று.

ஆனால் இதெல்லாம் "யார் தொடங்கியது" என்ற கேள்வியைத் தாண்டிய பிறகு கிடைக்கிற சலுகை.

பிப்ரவரி 18

"தலையில் போடாமல் காலில் போட்டால் பிரச்சினை இல்லையே?"

போலீஸ் பயிற்சியிலேயே தொடைச் சதை, கை இவற்றைத்தான் குறி வைக்கச் சொல்வார்கள். தலை, கழுத்து, முதுகெலும்புக்கு உயிர் போகும் நிலைமையில் மட்டுமே அனுமதி. திரும்பத் திரும்பப் பயிற்சி எடுத்தவனுக்கே ஆள் அசைந்தால் குறி தப்பும். தொடைக்கு ஓங்கும்போது அவன் குனிந்தால் அங்கே தலை இருக்கும். நான் சுருட்டிய மெத்தையை அடித்துப் பழகினேன். மெத்தை குனியவில்லை. அப்படியும் இரண்டாம் நாள் என் முழங்காலில் ஒன்று விழுந்தது.

பிப்ரவரி 20

குபோட்டான் பற்றிச் சொல்லவே இல்லையாம். சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கட்டை, விரல் பருமன், சுமார் 14 சென்டிமீட்டர். தக்காயுகி குபோட்டா என்ற கராத்தே ஆசிரியர் 1970களில் லாஸ் ஏஞ்சலஸ் பெண் போலீசாருக்குச் சொல்லிக்கொடுத்ததில்தான் அது பிரபலமானது. பார்க்கச் சாது. பல இடங்களில் சாவிக்கொத்தாகவே கடந்துவிடும், ஆனால் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக அமெரிக்காவில் விட மாட்டார்கள். உள்ளே முள் ஒளித்த குடைவுக் குபோட்டான் பிரிட்டனின் தடைப் பட்டியலிலேயே இருக்கிறது.

அது வேலை செய்வது எதிராளி உன்னைப் பிடித்த பிறகு, எலும்பை ஒட்டிய இடத்தில் அழுத்தித் திருகும்போது. குபோட்டாவின் மாணவிகள் பயிற்சி எடுத்துப் பழகியவர்கள். கட்டையை மட்டும் வாங்கினால் வந்து சேர்வது கனமான சாவிக்கொத்து.

பிப்ரவரி 20, இன்னொன்று

நுஞ்சாக்கு (சங்கிலியால் கோத்த இரட்டைக் கட்டை) கேட்ட மகராசா, உனக்குத் தனியாக. நியூயார்க் மாநிலம் 1974-இல் தடை செய்தது, வீட்டுக்குள் வைத்திருப்பதையும் சேர்த்து. ஒருவர் விடாமல் வழக்காடி 2018 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அந்தத் தடையை உடைத்தார். ஆகவே நியூயார்க் மக்கள் இப்போது தங்கள் மண்டையைத் தாங்களே சுதந்திரமாக உடைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 23

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாம் இங்கே பேசுவது வல்லவனல்லாதவனைப் பற்றி. அவனுக்கு ஆயுதமும் புல்தான்.

மிளகு ஸ்பிரே? தலைப்பை விட்டுப் போகிறோம். ஆனாலும் சொல்கிறேன்: இந்தியாவில் தாராளமாக விற்கிறது, பிரிட்டனில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கிக்குச் சமமாகத் தடை. ஒரே டப்பா, விமானம் ஏறி இறங்கினால் குற்றவாளி. பயணம் போகிறவர்கள் போகும் நாட்டுச் சட்டத்தைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

மார்ச் 2

தம்பி, நீ முதலில் கேட்டதற்கு இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை என்று கோபப்படுகிறாய். நியாயம்தான்.

டார்ச். உள்ளங்கைக்கு அடங்கும் நல்ல எல்இடி டார்ச், எரிய வைத்து, கையில் பிடித்துக்கொண்டே நட. பையில் போடாதே. டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் 1983-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: 21 அடி தள்ளி நிற்பவன் உன்னிடம் வந்து சேர ஒன்றரை நொடி போதும். இடுப்பிலிருக்கும் துப்பாக்கியை எடுத்துச் சுடவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். ஜிப்பைத் திறந்து, டிபன் பாக்ஸை நகர்த்தி, லத்தியைத் தேடி எடுத்து, உதற இடம் பார்க்க எத்தனை நொடி ஆகும் என்று வீட்டில் ஒருமுறை செய்து பார். கையிலே எரியும் டார்ச்சுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். மாடிப்படியில் என் கையில் டார்ச் இருந்திருந்தால் அந்த ஆளின் முகம் தெரிந்திருக்கும், அவனுக்கும் என் கை தெரிந்திருக்கும்.

"எதுக்குப்பா இது?" என்று யாராவது கேட்டால் "இருட்டு சார்" என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. முன்விளிம்பில் பல் பல்லாக வெட்டி, தற்காப்பு டார்ச் என்று எழுதி விற்பதை மட்டும் வாங்காதே. ஆளைக் காயப்படுத்தவென்றே செய்த பொருள் என்ற அந்த முதல் வகைக் கேள்வியில் மறுபடி போய் நிற்கலாம்.

மார்ச் 3

கோலூன்றி நடக்கிற பெரியவர்களுக்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கைத்தடி ஏற்கெனவே கையில் இருக்கிறது, காரணமும் காலிலேயே இருக்கிறது. முழுக்கச் சரி. ஆனால் கால் நன்றாக இருக்கிற இருபத்தைந்து வயதுக்காரன் கைத்தடியோடு நடந்தால் நான் சாலையைக் கடந்து எதிர்ப் பக்கம் போய்விடுவேன்.

மார்ச் 15

தம்பி டார்ச் வாங்கிவிட்டான், நல்லது. கூடவே, "உங்களிடம் சும்மா கிடக்கிற லத்தியை எனக்குக் கொடுத்துவிடுங்களேன், வீட்டில் மட்டும் வைத்துக்கொள்கிறேன்" என்கிறான்.

மாட்டேன். ஒன்று, பிரிட்டனின் தடைப் பட்டியலில் மடக்கு லத்தியும் உண்டு, அதில் உள்ள பொருளை விற்பது மட்டுமல்ல, இரவல் தருவது, சும்மா கொடுப்பதுகூடக் குற்றம். 2021-இலிருந்து வீட்டில் வைத்திருப்பதும் சேர்ந்துவிட்டது. அந்த ஊரில் நாம் இல்லை என்பாய். சரி, இரண்டாவது காரணம். அந்த வில் தகட்டை ஒடுக்கிவிட்டேன் என்றேனே. லத்தியை மேசை டிராயரில் போட்டு வேகமாக மூடியதில், அது உள்ளேயே விரிந்து குறுக்கே முட்டி நிற்கிறது. மூன்று நாளாக டிராயர் திறக்கவில்லை. வீட்டுப் பத்திரம் அதில்தான் இருக்கிறது.